மதினி அழுத காட்சி

எனக்குச் சினிமாவைப் பழக்கியது அண்ணன் மனைவி, என் மதினிதான். எழுபதுகளின் தொடக்கத்தில் நாசரேத்திலிருந்து தூத்துக்குடிக்கு வந்தேன். மிஷன் பள்ளியில் டீச்சர் வேலை. அண்ணன் ஒரு கப்பல் ஏஜெண்டு ஆபீஸில் இருந்தார். அவர் வீட்டில்தான் தங்கினேன். சபைக் கமிட்டியில் இருந்த அண்ணனுக்குச் சினிமாக் கொட்டகை என்றால் பிசாசின் கூடாரம். சனிக்கிழமை மதியம் பெண்கள் ஜெபக்கூட்டம் என்று சொல்லிவிட்டு, பைபிளும் கையுமாக, நானும் மதினியும் மேட்னிக்குப் போவோம்.

மதினி தாய் தகப்பன் இல்லாதவள். சித்தப்பா வீட்டில் வளர்ந்து, அங்கிருந்தே கல்யாணமாகி வந்தவள். பிள்ளை இல்லை. அண்ணனிடம் பேசும்போது குரலே எழும்பாது. கொட்டகைக்குள் விளக்கை அணைத்துவிட்டால் வேறு ஆள். முறுக்கைக் கடித்துக்கொண்டு, அடுத்து என்ன நடக்கும் என்று என் காதில் சொல்லிக்கொண்டே இருப்பாள். பெரும்பாலும் சரியாகவே இருக்கும்.

எனக்குத் துப்பறியும் படம் பிடிக்கும். வில்லனின் குகையில் கலர் பல்பு ஏன் எரிகிறது, கன்னத்தில் ஒரு மரு ஒட்டியதும் பெற்ற தாய்க்கே மகனை ஏன் அடையாளம் தெரியவில்லை என்றெல்லாம் கேட்க மாட்டேன். கெட்டவன் யார் என்று சட்டையைப் பார்த்தே தெரிந்துவிடுவது எனக்கு வசதியாக இருந்தது. சாமி படத்துக்கும் போயிருக்கிறோம். பக்தையைப் படாத பாடு படுத்திவிட்டு, பறித்ததையெல்லாம் ஒரே மின்னலில் திருப்பிக் கொடுப்பார்கள். எங்கள் வேதத்தில் யோபுக்கு நடந்ததும் அதுதானே என்று நான் சமாதானம் சொல்லிக்கொள்வேன். முத்துக்குளிக்கிற கதாநாயகன் சீவிய தலை கலையாமல் கடலிலிருந்து எழுந்து வந்த படம் ஒன்று உண்டு. பின் பெஞ்சில் இருந்த கடற்கரைப் பெண்கள் சிரித்த சிரிப்பில் ஒரு வசனமும் எங்களுக்குக் கேட்கவில்லை.

மதினிக்குக் குடும்பப் படம்தான் படம். அதில் அண்ணி ஒன்று தெய்வமாக இருப்பாள், இல்லையென்றால் பேயாக இருப்பாள். நடுவில் ஒருத்தி கிடையாது. ஒரு படத்தில் நாத்தனார் செய்த தவறைத் தன் தவறென்று சொல்லி, அடி வாங்கிக்கொண்டு அண்ணி வீட்டை விட்டு வெளியேறினாள். மதினி முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு குலுங்கிக் குலுங்கி அழுதாள். இவளுக்கு எவ்வளவு இளகின மனசு என்று நினைத்து, அவள் கையைப் பிடித்துக்கொண்டேன்.

அது கழிந்து கொஞ்ச நாளில், நாங்கள் கொட்டகை வாசலில் இருந்து வெளியே வந்ததைச் சபை மூப்பர் ஒருவர் பார்த்து அண்ணனிடம் சொல்லிவிட்டார். அண்ணன் சாயங்காலம் ஆபீஸிலிருந்து வந்து, சட்டையைக்கூடக் கழற்றாமல் எங்கள் இருவரையும் கூப்பிட்டு நிறுத்தினார்.

"சனிக்கிழமை எங்க போனீய?"

நான் வாயைத் திறப்பதற்குள் மதினி பேசினாள்.

"இவளத் தேடித்தான் நான் உள்ள போனேன். கூட்டத்துக்குன்னு கெளம்புதா, பாதியில கழண்டு போயிருதா. ஒங்க தங்கச்சிய நானே எப்படிக் காட்டிக் கொடுக்கன்னுதான் இத்தன நாளும் மறைச்சேன்."

சொல்லிவிட்டு முந்தானையை வாயில் பொத்திக்கொண்டு அழுதாள். கொட்டகையில் அழுத அதே அழுகை.

நெசமா என்று அண்ணன் என்னைக் கேட்டார். நான் பேசவில்லை. பயத்தினால் அல்ல. பழியைச் சுமந்துகொண்டு பேசாமல் நிற்கிறவள்தான் கடைசியில் ஜெயிப்பாள் என்று அத்தனை படங்களும் எனக்குச் சொல்லியிருந்தன. எப்படியும் உண்மை வெளியே வரும், வீட்டு வேலைக்காரியோ மனசாட்சி குத்தியவளோ ஓடிவந்து சொல்லுவாள், அண்ணன் கண் கலங்கி என் தலையைத் தடவுவார் என்று நிஜமாகவே நம்பினேன். டீச்சர் வேலை பார்த்தவள், இதை நம்பினேன்.

அண்ணன் என்னைச் சபை குருவானவரான ஐயரிடம் கூட்டிக்கொண்டு போனார். சிறுபிள்ளைகளுக்கு வேதம் சொல்லித்தரும் ஓய்வுநாள் பள்ளியில் நான் எடுத்துவந்த வகுப்பை வேறொருத்திக்குக் கொடுத்தார்கள். அந்த வாரமே என் பெட்டி பள்ளி ஹாஸ்டலுக்குப் போனது. மெஞ்ஞானபுரத்தில் பேசி வைத்திருந்த மாப்பிள்ளை வீட்டார், பெண் தனியாகப் படம் பார்க்கிறவளாமே என்று சொல்லி விலகிக்கொண்டார்கள். நாசரேத்தில் அம்மா என்னோடு பேச்சைக் குறைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனைக்குப் போகும்போது கோயிலில் மதினியைப் பார்ப்பேன். சாப்பாடு நல்லா இருக்கா என்று விசாரிப்பாள். இன்றைக்குச் சொல்லுவாள் என்று ஒவ்வொரு வாரமும் காத்திருந்தேன். ஊளி மீன் குழம்பு தூக்குச்சட்டியில் வரும். வேறொன்றும் வராது.

அண்ணனுக்குக் கொச்சிக்கு மாற்றலானபோது ஹாஸ்டலுக்கு வந்தாள். வராந்தா பெஞ்சில் உட்கார்ந்தோம். துறைமுகத்து லாரிகள் சத்தத்தோடு போய்க்கொண்டிருந்தன. ஏன் அப்படிச் சொன்னீர்கள் என்று நான்தான் கேட்டேன்.

"ஒங்க அண்ணன் வெளிய போன்னு சொன்னா எனக்குப் போக எடம் இல்லளா. ஒனக்கு வேல இருந்துச்சு" என்றாள்.

அது பொய்யில்லை. அண்ணன் அப்படிச் சொல்லக்கூடியவர்தான். ஆனாலும் அதைக் கேட்டபோது என் கோபம் கூடியதே தவிரக் குறையவில்லை. அவ்வளவு கணக்காக யோசித்திருக்கிறாள். அந்த யோசனையில் என்னால் தாங்க முடியும் என்று முடிவும் செய்திருக்கிறாள். என்னிடம் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் நானே பழியை ஏற்றிருப்பேன். அந்த வாய்ப்பைக்கூட அவள் எனக்குத் தரவில்லை.

"இனியாவது அண்ணங்கிட்டச் சொல்லுவியளா?"

மதினி எழுந்து சேலையைச் சரி செய்துகொண்டாள். பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றாள்.

அவள் சொல்லவே இல்லை. எனக்கும் பிற்பாடு கல்யாணம் ஆனது, பிள்ளைகள் பிறந்தார்கள். கொச்சியிலிருந்து கிறிஸ்மஸுக்கு வரும்போதெல்லாம் அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டு, இன்னும் படத்துக்குப் போகிறாயா என்று கேட்பார். அடுக்களையில் மதினி பாத்திரம் கழுவுகிற சத்தம் அந்த நேரம் பார்த்து நின்றுவிடும்.

போகிறேன் என்று சொல்லுவேன்.