ஐந்து கோப்பை ஒரே கையில்: ஜியாங்சி போய்வந்த கதை

ஷார்ஜா ரோலாவில் பாத்திரக் கடை வைத்திருக்கிறேன். 2006 ஏப்ரலில், அஜ்மானில் கல்யாண மண்டபங்களுக்குச் சாமான் கொடுக்கும் ஓர் அரபி, அரபுக் காப்பியான காவா குடிக்கிற கைப்பிடியில்லாத சின்னக் கோப்பை நாற்பதாயிரம் கேட்டார். சாம்பிள் பிடிக்காவிட்டால் கலாஸ், ஆர்டரே கிடையாது என்றும் சொல்லிவிட்டார். இடைத்தரகரிடம் வாங்கினால் எனக்கு மிஞ்சாது. செய்கிற இடத்துக்கே கிளம்பினேன், கூட என் கடைப் பையன் ஜெகன்.

துபாய்–குவாங்சோ விமானம் போகவர 2,100 திர்ஹம். அங்கிருந்து சீனாவின் ஜியாங்சி மாநிலத் தலைநகர் நான்சாங்குக்கு ரயிலில் பன்னிரண்டு மணி நேரம். ஜியாங்சியைச் சுற்றிலும் ஆறு மாநிலங்கள், கடல் கிடையாது. பதிலுக்கு வடக்கே கடல் மாதிரியே போயாங் ஏரி. தெற்கே மலை, வழி நெடுக நெல்வயல். சாப்பாட்டு மிளகாயில், காரம் தின்று பழகிய ஜெகனே தண்ணீர் கேட்டான். பீங்கான் ஊரான ஜிங்தேஜென்னுக்குப் பஸ்ஸில் 250 கிலோமீட்டர், நாலு மணி நேரம், 70 யுவான்.

ஆலை மேலாளர் லியூ அம்மாள் வைத்த சாம்பிள் அழகுதான். ஆனால் அடி அகலம். ஒன்றுக்குள் ஒன்று உட்காரவில்லை.

"பெட்டியில் தனித்தனியாகத்தானே போகும்? புது அச்சுக்குப் பதினைந்து நாள் ஆகும். இதையே எடுங்கள், விலை குறைக்கிறேன்" என்றார், மொழிபெயர்ப்பாளர் வழியாக.

சபலம் தட்டியது, மறைப்பானேன். ஆனால் அரபு வீடுகளில் காவா ஊற்றுகிறவர் இடது கையில் கெண்டி, வலது கையில் ஐந்தாறு கோப்பை அடுக்கித்தான் வருவார். நான் கொண்டுபோன பழைய கோப்பைகளை அப்படி அடுக்கி, அவர்கள் பிளாஸ்கை எடுத்து ஐந்து தொழிலாளர்களுக்குக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினேன். போதுமென்றால் கோப்பையை ஆட்டச் சொன்னேன்.

"அண்ணாச்சி, பழைய டூட்டிக்கே வந்துட்டியளே" என்றான் ஜெகன்.

உண்மைதான். ஷார்ஜாவில் எனக்கு விசா கொடுத்த முதல் கஃபீல் வீட்டில் மூன்று வருஷம் எனக்கு அதுதான் வேலை.

அடுத்து லியூ அம்மாளே தன் சாம்பிளை அடுக்கிப் பார்த்தார். மூன்றாவது கோப்பை வழுக்கித் தரையில் நொறுங்கியது. துண்டுகளைப் பார்த்துச் சிரித்தார். "அச்சை மாற்றுகிறேன்."

போகிறவர்களுக்கு: சாமானை மட்டும் காட்டாதீர்கள், அதைப் புழங்கிக் காட்டுங்கள். கடல் இல்லாத ஊர், அதனால் துறைமுகம் வரை லாரி வாடகை யார் தலையில் என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.

அஜ்மானில் அரபியின் ஆள் புது அச்சில் வந்த சாம்பிள் கோப்பை ஐந்தை ஒரே கையில் அடுக்கி, அறையைச் சுற்றி ஊற்றி வந்தார். ஒன்றும் நழுவவில்லை. அரபி மூன்று முறை குடித்துவிட்டுக் கோப்பையை ஆட்டினார். "யல்லா, மொத்தத்தையும் இறக்கு."

இந்த முறை நானும் உட்கார்ந்துதான் குடித்தேன்.