மூடின குவாரியில் எனக்கென்ன வேலை?

எங்கள் தொழிலில், ஒன்றுமே நடக்காத நாள்தான் நல்லபடியாக வேலை நடந்த நாள். கரண்ட் போனால் மட்டும் ஊர் தேடுகிற லைன்மேன், தண்ணீர் நின்றால் மட்டும் பேச்சு வாங்குகிற பம்ப் ஆபரேட்டர் எல்லாரும் பக்கத்தில் வந்து உட்காருங்கள். என் புலம்பல் உங்களுக்குத்தான் புரியும்.

சீவலப்பேரிக்குப் பக்கத்தில் ஒரு பழைய சுண்ணாம்புக்கல் குவாரி. கல் தீர்ந்ததும் மூடிவிட்டார்கள். ஆனால் அத்தனை பெரிய பள்ளத்தை அப்படியே விட்டுவிட்டுப் போக முடியாதே? கரை சரிகிறதா என்று அளக்கவும், மண் பரப்பி மரம் வளர்க்கவும் ஆள் வேண்டும். அந்த ஆள் நான். பேட்டையிலிருந்து தினமும் பஸ் ஏறிப் போகும் சர்வேயர்.

நகர்ந்த கம்பி

கரை ஓரமாக இரும்புக் கம்பிகள் நட்டிருப்போம். தூரத்திலிருந்து கருவி வைத்து அளந்தால், கம்பி நகர்ந்திருக்கிறதா என்று தெரியும். கம்பி நகர்ந்தால் மண் நகர்கிறது என்று அர்த்தம். வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு காலையில் ஒரே ஒரு கம்பி மட்டும் நன்றாகத் தள்ளியிருந்தது. மேனேஜருக்குப் போன் போட்டுப் பதறினேன். அவரும் ஜீப்பில் பறந்து வந்தார்.

இரண்டு பேரும் கம்பிக்குப் பக்கத்தில் போனால், அதில் ஒரு கிடா கட்டியிருக்கிறது! எங்களைப் பார்த்த மிரட்சியில் இன்னும் பலமாக இழுத்தது. ஆட்டுக்காரம்மா வேப்பங்குழையோடு வந்தார். இந்தக் கம்பியை வைத்துத்தான் கரையையே கண்காணிக்கிறோம் என்று பொறுமையாக விளக்கினேன். கேட்டுக்கொண்டே கயிற்றை அவிழ்த்தவர் சொன்னார்: "கிடா இழுத்ததுக்கே வந்துட்டு. இதை நம்பியா ஊரை விட்டிருக்கீய?"

மறுவாரமே எல்லாக் கம்பிக்கும் அடியில் கான்கிரீட் போட்டோம்.

கயிறு கட்டிய பாதை

கரையை ஒட்டி ஒரு வண்டிப்பாதை. வயலிலிருந்து ஊருக்குக் குறுக்குவழி அதுதான். கார் நெல் அறுவடை நேரத்தில் மூன்று நாள் விடாமல் மழை. மழை விட்டதும் போய்ப் பார்த்தேன். பாதையின் நடுவே நீளமாக ஒரு விரிசல், விரல் நுழைகிற அளவு. சாயங்காலம் பார்த்தபோது உள்ளங்கை நுழைந்தது. பாதையின் இரண்டு முனையிலும் சிவப்புக் கயிறு கட்டிவிட்டேன்.

மறுநாள் மேகம் திரண்டு நிற்கிறது. சுடலைமுத்து அண்ணாச்சி டிராக்டர் நிறைய நெல் ஏற்றிக்கொண்டு வந்தார். சுற்றிப் போனால் வீட்டுக்குப் போய்ச் சேர்வதற்குள் மழை பிடித்துவிடும். "இம்புட்டு வருசமா போற பாதை. நேத்து வந்த நீ மறிக்கே! நெல்லு நனைஞ்சா நீயா வந்து காயப்போடுவே?" என்று கத்தினார். நான் டிராக்டர் முன்னால் போய் நின்றுகொண்டேன். நகரவில்லை. கடைசியில் வண்டியைத் திருப்பினார். அவர் பெரிய ரோடு ஏறுவதற்குள் மழை கொட்டியது. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒருவேளை கரை அப்படியே நின்றுவிட்டால்? ஒரு குடும்பத்தின் நெல்லை வீணாக நனைத்தவள் ஆகிவிடுவேனே.

மழை விட்டு, இரண்டு நாள் வெயில் அடித்த பிறகு, ஒரு மத்தியானம் கரை இறங்கியது. இடிபோல ஒரு சத்தம். பாதையில் பாதி, பள்ளத்தில் தேங்கியிருந்த தண்ணீருக்குள் கிடந்தது. கயிறு கட்டியிருந்ததால் ஒரு ஆள்கூட அங்கே இல்லை. ஊரே கூடிவிட்டது. அண்ணாச்சி என்னிடம் வந்து, மெல்லிய குரலில் சொன்னார்: "எம்மா, அன்னைக்கு ஏசினதை மனசுல வச்சுக்கிடாத. நெல்லு காஞ்சிட்டு."

அலையில்லாத தண்ணீர்

தண்ணீருக்கு அடியில் கரை எப்படி இருக்கிறது என்று பார்க்கப் படகு வேண்டியிருந்தது. ஓட்டுவதற்குக் கடற்கரையிலிருந்து சேவியர் அண்ணன் வந்தார். சின்ன வயதிலிருந்தே கடலில் கிடந்தவர். குவாரித் தண்ணீரைப் பார்த்ததும் சிலுவை போட்டுக்கொண்டார். படகை அங்குலம் அங்குலமாக நகர்த்தினார். நான் கருவியை இறக்கி ஆழம் பார்த்தேன். புதிதாகச் சரிந்த மண் அடியில் நன்றாகப் படிந்து, கரைக்கு முட்டுக்கொடுத்து நின்றது. நல்ல செய்தி!

"புயல்லயே படகு ஓட்டினவரு, இதுக்கா பயப்படுதீய?" என்று கேட்டேன். வியர்வையைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "கடலு கோவப்பட்டா முன்னாடியே காட்டிரும்மா. இது மூஞ்சியில ஒண்ணுமே தெரிய மாட்டேங்கே."

போட்டோ எடுக்க வந்தவர்கள்

முதல் வருஷம் வைத்த கன்றுகள் பாதிக்குமேல் கருகிவிட்டன. மறுபடி மண் கொட்டி, புங்கும் வேம்பும் வாகையும் வைத்தோம். இப்போது மேற்குச் சரிவு முழுக்கப் பச்சை. போன மாதம் பார்த்தால், அந்தச் சரிவில் பட்டுப்புடவையில் ஒரு பெண்ணும் மாப்பிள்ளையும், எதிரே ஒரு கேமராக்காரரும்.

"யாரைக் கேட்டு உள்ள வந்தீய?" என்று ஓடினேன். அந்தப் பெண்தான் பயப்படாமல் பேசினாள். அவள் அப்பா இங்கே கல் லாரி ஓட்டியவராம். அப்போதெல்லாம் வீட்டில் துணி காயப்போட்டால் வெள்ளையாகத் தூசி படியுமாம். கரையை விட்டுத் தள்ளி, கெட்டியான இடத்தில் அவர்களை நிறுத்தினேன். கேமராக்காரர் கேட்டார் என்று வெளிச்சத்துக்கான குடையையும் பிடித்துக்கொண்டேன். "அணை இருக்கு, அருவி இருக்கு. இங்கன எதுக்கும்மா வந்தீய?" என்று கேட்டதற்கு, வாகை மரத்தைத் தொட்டபடி சொன்னாள்: "அப்பாதான்க்கா சொன்னாவ, நாங்க வெட்டின எடம் துளிர்த்திருக்கு, அங்கன போய் நில்லுங்கன்னு."

சாமான் எல்லாம் கழுவிக் கவிழ்த்தபிறகு அடுப்பைத் துடைக்க நிற்கிறவளின் வேலைதான் எங்களுடையது என்றாலும், துடைத்த அடுப்பில் பூ முளைப்பதைப் பார்க்கிற கொடுப்பினை வேறு யாருக்கு இருக்கிறது, சொல்லுங்கள்!