ஷெர்லின் படத்தை மறைத்த துண்டுகள்

ஐந்தருவிக்குப் போகும் சாலையில் அருமைநாயகத்துக்கு ஒரு கடை. துண்டு, அரைக்கால் சட்டை, சோப்பு, பாக்கெட் எண்ணெய், சீப்பு. குற்றாலத்துக்கு வருகிறவர்கள் எதையெல்லாம் வீட்டில் மறந்துவிட்டு வருவார்கள் என்பது அவருக்கு முப்பது வருடமாக அத்துப்படி. ஆனால் மகள் ஷெர்லின் என்ன வேலை பார்க்கிறாள் என்று யாராவது கேட்டால் மட்டும் அவருக்கே பாதி மறந்துபோகும்.

“கம்ப்யூட்டர்ல வேல பாக்குதா” என்பார்.

பொய் இல்லை. தென்காசிக்குக் கிழக்கே ஒரு கம்பெனியில், பம்புக்கான உதிரிபாகங்களைக் கடையும் சி.என்.சி. மெஷின் ஓட்டினாள் ஷெர்லின். இரும்புத் தண்டை உள்ளே மாட்டி, திரையில் அளவுகளைக் கொடுத்து, கதவைச் சாத்தினால் மெஷின் கடைந்து தரும். திரை உண்டு, பொத்தான்கள் உண்டு. இரும்பை மட்டும் அருமைநாயகம் சொல்லாமல் விட்டுவிடுவார்.

அவள் டிப்ளமோ முடித்து இந்த வேலைக்குப் போனபோது, “ஒரு வருசந்தான். அதுக்குப் பெறவு பேங்க் பரீச்ச எழுதணும்” என்று சொல்லித்தான் அனுப்பினார். மூன்று வருடம் ஆகிவிட்டது. பரீட்சைக்கு வாங்கிய தடித்த புத்தகங்கள், காற்றில் துண்டுகள் பறக்காமலிருக்கக் கடையில் பாரமாக இருந்தன.

இந்த நேரத்தில் கம்பெனி நான்கு புது மெஷின் வாங்கியது. மெஷின்கள் ஒரே வாரத்தில் வந்துவிட்டன. ஓட்ட ஆள் மூன்று மாதமாகியும் வரவில்லை. மேனேஜர் முத்துச்செல்வம், “நீ நல்லா பேசுவ, போய்ப் பேசிட்டு வாம்மா” என்று ஷெர்லினை ஒரு கல்லூரிக்கு அனுப்பினார். கூட்டத்துக்கு நாற்பது பேர் வந்தார்கள். வடையும் டீயும் முடிந்ததும் இருபது பேர் மிஞ்சினார்கள்.

கடைசி வரிசையிலிருந்து ஒருவன் கேட்டான்: “அக்கா, ஏசி உண்டா?”

“அளவு பாக்குத ரூம்ல உண்டு. ஆனா அது நமக்காவ இல்ல. சூட்டுல இரும்போட அளவு மாறிரக் கூடாதுன்னு.”

மாரி என்ற பெண் எழுந்தாள். “நகம் வளக்கலாமாக்கா?”

“வளக்கலாம். வாரத்துக்கு ஒண்ணு ஒடையும்.”

எல்லாரும் சிரித்தார்கள். விண்ணப்பம் கொடுத்தது இரண்டு பேர். அதில் ஒருவர் எழுதிய போன் நம்பருக்கு அடித்தால் ஒரு கோழிக்கடைக்காரர் எடுத்தார்.

முத்துச்செல்வம் யோசித்தார். சாரல் விழுந்துவிட்டால் சுற்றுவட்டாரத்து இளவட்டம் மொத்தமும் அருவியில்தானே இருக்கும்? நீலச் சீருடையும் பாதுகாப்புக் கண்ணாடியுமாக, பம்புக்குள் சுழலும் தண்டான பளபளக்கும் ஒரு ஷாஃப்டைக் கையில் பிடித்துச் சிரிக்கும் ஷெர்லின் படத்தை ‘வேலைக்கு ஆள் தேவை’ என்று ஃபிளக்ஸ் அடித்து, ஐந்தருவிச் சாலையில் வாடகைக்குக் கிடைத்த ஒரு சுவரில் மாட்டச் சொன்னார். அது அருமைநாயகத்தின் கடையை ஒட்டிய சுவர் என்பது அவருக்குத் தெரியாது.

மறுநாள் காலையில் கடை திறக்க வந்த அருமைநாயகம், எட்டடி உயரத்தில் மகளைப் பார்த்துத் திகைத்தார். பத்தே நிமிடத்தில் குறுக்கே ஒரு கயிற்றைக் கட்டி, இருப்பதிலேயே பெரிய குளியல் துண்டுகளாகப் பார்த்துத் தொங்கவிட்டார்.

ஞாயிற்றுக்கிழமை ஷெர்லின் கடைக்கு வந்தாள்.

“எப்பா, எம் மூஞ்சிக்கு மேல எதுக்குத் துண்டு தொங்குது?”

“சரக்கு வெளிய தெரியணும்லா?”

“எப்பா...”

“ஏட்டி, வயசுப்பிள்ள படத்த ரோட்டுல வச்சா நாலு பேரு என்ன சொல்லுவான்?”

“என்ன சொல்லுதாவ?”

“இன்னும் எவனும் பாக்கலயே. பெறவு எப்படிச் சொல்லுவான்?”

ஷெர்லினுக்குச் சிரிப்பு வந்தது; கூடவே வருத்தமும் வந்தது. “அந்தக் கையில இருக்க ஷாஃப்ட் நான் கடைஞ்சதுப்பா. அத மட்டுமாவது மறைக்காம விடுங்க” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள்.

அருமைநாயகம் வெகுநேரம் யோசித்து ஒரே ஒரு துண்டை நகர்த்தினார். இப்போது முகமில்லாத ஒரு கையும் ஷாஃப்டும் தெரிந்தன.

அந்த வாரம் மலையில் மழை கொட்டியது. வெள்ளம் வந்ததால் குளிக்கத் தடை. சிவகிரியிலிருந்து பைக்கில் வந்த ஆறு பேர் போக்கிடம் இல்லாமல் கடையோரம் ஒதுங்கினார்கள். காற்றில் துண்டு விலகியது.

“அண்ணாச்சி, இது என்ன வேல?” என்று கேட்டான் அவர்களில் ஜெனோ என்பவன்.

“கம்ப்யூட்டர் வேல.”

“கையில இரும்புல்லா இருக்கு?”

அருமைநாயகம் சட்டைப்பையிலிருந்து போனை எடுத்தார். மகளுக்கு வீடியோ கால் போட்டார். சாப்பாட்டு நேரம் என்பதால் எடுத்தாள். முத்துச்செல்வத்திடம் கேட்டுவிட்டுப் போனை மெஷினருகே கொண்டுபோனாள். கண்ணாடிக் கதவுக்குள் இரும்பு சுழன்றது. பால் நிறத் திரவம் பீய்ச்சியடிக்க, உளி பட்ட இடத்தில் சுருள் சுருளாகச் சீவல் விழுந்தது. கடைசியில் கண்ணாடிபோல ஒன்று வெளியே வந்தது.

“ஒரு முடி கனத்துல பாதி தப்பினாலும் கழிச்சிருவோம்” என்றாள்.

ஆறு தலைகளுக்கு நடுவே மூக்குக்கண்ணாடியோடு ஏழாவது தலையும் இருந்தது. மூன்று வருடத்தில் அருமைநாயகம் இதைப் பார்த்ததே இல்லை.

“இத நீ ஒத்தையிலயாட்டி ஓட்டுத?”

“ரெண்டு மெஷின் ஓட்டுதேம்பா.”

“ரெண்டா?”

அன்று மாலை துண்டுகள் இறங்கின. மகளிடம் எல்லாம் விற்றுப்போனதாகச் சொன்னார். அதன்பிறகு கடைக்கு வந்த எவரும் தப்பவில்லை. துண்டைக் கொடுக்கும் முன், “தம்பி, என்ன படிச்சிருக்க?” என்று தொடங்கிவிடுவார். மகள் செய்வது ராக்கெட்டுக்குப் போகிறது என்றும் அளந்துவிட்டார்.

“எப்பா, நாங்க பண்ணுதது பம்புக்கு” என்று போனில் கெஞ்சினாள் ஷெர்லின்.

“பம்பும் தண்ணிய மேலதான அனுப்புது?”

சீசன் முடிவதற்குள் பதினோரு பேர் சேர்ந்தார்கள். போனைப் பெட்டியில் வைத்துப் பூட்ட வேண்டும் என்றதும் முதல் நாளே ஒருவன் கிளம்பிவிட்டான். நின்றே வேலை பார்ப்பதில் கால் வலிக்கிறது என்று இரண்டு பேர். இன்னொருவன் காரணமே சொல்லவில்லை. ஏழு பேர் நிலைத்தார்கள். நகச்சாயத்தோடு வந்து சேர்ந்த மாரிதான் அளவுப் பிழையை எல்லாருக்கும் முன்னால் கண்டுபிடிக்கிறாள்.

புரட்டாசியில் ஒருநாள் கம்பெனியில் குடும்பத்தினரை அழைத்திருந்தார்கள். அருமைநாயகம் வெள்ளை வேட்டியில் போனார். வாசலில் இரும்பு முனை வைத்த பூட்ஸ் போட்டுவிட்டார்கள். வேட்டியும் பூட்ஸுமாகத் தத்தித் தத்தி உள்ளே நடந்தார்.

ஜெனோ ஒரு மெஷினின் கதவைச் சாத்தப் போனான். ஷெர்லின் கையைக் குறுக்கே நீட்டினாள்.

“ஜெனோ, தண்டு சரியா இறுகல. இன்னொரு தடவ பாரு.”

குரலை உயர்த்தவில்லை. அவன் முகம் சிவந்தது. மறுபேச்சில்லாமல் கழற்றி மாட்டினான். ஒரு துண்டு விற்கவே தெருக்கோடிவரை கேட்கக் கத்திப் பழகிய அருமைநாயகம், அதைக் கழுத்தை நீட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு, அப்போதுதான் கடைந்து வெளிவந்த ஒரு ஷாஃப்டை நோக்கி ஆசையாகக் கையை நீட்டினார்.

“எப்பா, தொடாதீங்க. சுடும்.”

சட்டென்று கையை இழுத்துப் பின்னால் கட்டிக்கொண்டார். சாப்பாட்டு மணி அடிக்கும்வரை அப்படியேதான் நின்றார்.