என் சாட்சியைக் களவெடுத்தவள்

நான் ஜப்பானிய மொழி படித்தது ஊழியத்துக்காக என்றுதான் எல்லோரும் நம்பினார்கள். போதகர் ஐயா ஜெபம் பண்ணும்போதுகூட, "இந்தப் பிள்ளையின் வாஞ்சையைப் பாரும் ஆண்டவரே" என்பார். ஆண்டவருக்கு உண்மை தெரியும். நான் படித்தது ஒருத்தியை மண் கவ்வ வைப்பதற்காக.

கல்முனையில் கடற்கரைக்கு இறங்கும் ஒழுங்கை ஒன்றில் எங்கள் பயிற்சி வீடு இருந்தது. ஐந்து பெண்கள், இரண்டு வருடப் பயிற்சி. எங்களை எழுப்ப ஒரு மணி இருந்தாலும் அதற்கு வேலை இருக்கவில்லை. பள்ளிவாசலில் சுபஹுக்குப் பாங்கு சொன்னதும் எல்லோரும் பாயைச் சுருட்டிவிடுவோம். ஜெபம், முற்றம் கூட்டுதல், தேங்காய் திருவுதல், வேத பாடம். பின்னேரம் நான்கு மணிக்கு ஜப்பானிய வகுப்பு. இரண்டாம் வருட முடிவில் ஜப்பானில் உள்ள ஒரு சின்னச் சபையிலிருந்து ஆட்கள் வருவார்கள், தங்களுடைய முதியோர் இல்லத்தில் ஊழியம் செய்ய எங்களில் ஒருத்தியைத் தெரிவு செய்வார்கள் என்று முதல் நாளே சொல்லிவிட்டார்கள். ஒருத்தியை மட்டும்.

படிப்பித்த சேர் சம்மாந்துறை முஸ்லிம் மனிதர். ஜப்பானில் பழைய வாகனங்களைக் கழற்றும் யார்டு ஒன்றில் பதினொரு வருடம் நின்று திரும்பியவர். "பாஷைய நான் படிச்சித் தாறன். அதால நீங்க என்ன கதைக்கீங்க எண்டு நான் கேக்க மாட்டன்" என்று சிரித்துக்கொண்டுதான் தொடங்கினார். அவருக்குத் தெரிந்தது யார்டு மொழி. நான் முதன்முதலில் படித்த முழு வசனம், "தள்ளி நில்லு, தலையில விழும்." இரண்டாவது, "கதவைக் கழற்று." இருநூற்று நாற்பத்தேழு எழுத்துப் படித்து வந்த தமிழச்சிக்கு அவர்களுடைய நாற்பத்தாறு எழுத்து ஒரு கணக்கே இல்லை. அதற்குப் பிறகு வந்த சித்திரம் போன்ற எழுத்துகள்தான் உயிரை எடுத்தன.

எங்கள் ஐந்து பேரில் மூத்தவள் கல்லாற்றுக்காரி. நாங்கள் எல்லோரும் அவளை அக்கா என்றே கூப்பிடுவோம். நல்ல குரல், நல்ல நிறம், மைக்கைப் பிடித்தால் விடமாட்டாள். அவளுக்கு ஒரேயொரு குறை. சொல்வதற்குச் சாட்சி இல்லை.

எங்கள் உலகத்தில் சாட்சி இல்லாதவள் மிதிவண்டி இல்லாத தபால்காரன். நீ எப்படிக் கிடந்தாய், கர்த்தர் உன்னை எங்கே பிடித்தார் என்று எழும்பிச் சொல்ல ஒரு கதை வேண்டும். குடிகாரனாக இருந்து திருந்தியவனுக்கு மதிப்பு அதிகம். அக்காவின் அப்பா கிளாக்கர் வேலை பார்த்தவர். அம்மா அவள் சின்னப்பிள்ளையாக இருக்கும்போதே காய்ச்சலில் போய்விட்டாள். அதை விட்டால் ஞாயிறு பள்ளியில் வாங்கிய பரிசுப் புத்தகங்கள்தான். ஒரு நாள் திருவலையில் குந்தித் தேங்காய் திருவிக்கொண்டு அவளே என்னிடம் புலம்பினாள். "எனக்கெண்டு சொல்ல ஒண்டும் இல்லகா. நான் எழும்பினா சனம் கொட்டாவி விடுது."

பாவம் என்று இரங்கி, நான் ஒருவருக்கும் சொல்லாததை அன்றைக்கு அவளிடம் சொன்னேன். என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

எனக்கு ஒன்பது வயதில் அம்மா ஆஸ்பத்திரியில் கிடந்தாள். சிறுநீரகம் பழுது. அப்பா கடலில். நான் அம்மாவின் கட்டிலுக்குக் கீழே பாய் போட்டுக் கிடந்தேன். நோயாளிக்குத் தரும் சாப்பாட்டில் அம்மா மிச்சம் வைத்ததுதான் எனக்கு. ஒரு நாள் அம்மாவுக்கு ஒன்றும் கொடுக்க வேண்டாம் என்று டொக்டர் சொல்லிவிட்டார். பசி தாங்காமல், பக்கத்துக் கட்டிலில் கிடந்த சாய்ந்தமருது முஸ்லிம் உம்மா நித்திரை என்று நினைத்து, அவவின் லொக்கரைத் திறந்து பாண் துண்டு ஒன்றை எடுத்துத் தின்றேன். அவ கண்ணைத் திறந்து பார்த்துக்கொண்டுதான் கிடந்தா. அடுத்த நாள் காலையில் அந்த லொக்கருக்கு மேலே, என் கைக்கு எட்டும் பக்கமாக, இரண்டு துண்டு பாணும் சம்பலும் மூடி வைத்திருந்தா. அம்மா கண்ணை மூடும்வரை ஒவ்வொரு நாளும் அது அங்கே இருந்தது. மன்னிப்பு என்றால் என்ன என்று எனக்கு விளங்கிய இடம் அதுதான். கள்ளி என்று சொல்லிவிடுவார்களே என்ற வெட்கத்தில் அதை நான் எந்தச் சபையிலும் சொன்னதில்லை.

மூன்று கிழமை கழித்து எங்கள் சபையின் பெரிய கோயிலில் அக்கா எழும்பினாள். "எனக்கு ஒன்பது வயசு. அம்மா ஆஸ்பத்திரியில..." என்று தொடங்கினாள். பாண், லொக்கர், சம்பல், எல்லாம். சனம் மூக்கைச் சிந்திச் சிந்தி அழுதது. நான் கடைசி வாங்குப் பலகையில் இருந்தேன். என் அம்மாவை என் கண்ணுக்கு முன்னால் வேறொருத்தி தூக்கிக்கொண்டு போவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

அன்றைக்கே கிணற்றடியில் பிடித்தேன். "ஏன் அக்கா அப்பிடிச் சொன்னீங்க?"

"ஏன்கா கோவிக்காய்? கர்த்தருடைய மகிமைக்குத்தானே? ஆருட கதை எண்டதா முக்கியம்? நீ சொல்ல வெக்கப்பட்டாய், நான் சொன்னன். எத்தின பேர் அழுதாங்க, பாத்தாய்தானே?"

கடைத்தேங்காயை எடுத்து வழிப்பிள்ளையாருக்கு உடைத்துவிட்டு, புண்ணியமும் தனக்கே என்கிறாள். இனி நான் எழும்பி "அது என்னுடையது" என்றால் பொறாமைக்காரி என்பார்கள். ஜெபத்தில் மன்னிப்பைப் பற்றிய வரி வரும்போது அன்றிலிருந்து நான் வாயை மட்டும் அசைத்தேன்.

ஜப்பானுக்குப் போவது அவளாக இருக்கக் கூடாது. அவ்வளவுதான் என் தரிசனம். முற்றம் கூட்டும்போது ஈர்க்குமாற்றால் மண்ணில் எழுத்துப் பழகினேன். மீன் கழுவும்போது வினைச்சொல் சொன்னேன். அக்கா பாட்டுப் பழகிக்கொண்டிருந்தாள். சேர் என் கொப்பியைப் பார்த்துவிட்டு, "ஆரோடயோ கோவத்துல படிக்கீங்க புள்ள. கெதியா ஏறும். ஆனா லேசுல இறங்காது" என்றார். இறங்க வேண்டாம் சேர் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜப்பானியர் வந்தார்கள். முதிய பெண்மணி ஒருவரும் ஒரு போதகரும். சேருக்கு அன்று வெள்ளிக்கிழமை ஜும்ஆத் தொழுகை; மொழிபெயர்க்க வர முடியாது என்றார். போதகர் ஐயா யோசிக்கவேயில்லை. "நீதான் மனே நல்லாக் கதைக்கிற. நீயே சொல்லு" என்று என்னை முன்னால் நிறுத்தினார். தேவன் நீதியுள்ளவர் என்று அன்றைக்கு முழு மனதோடு நம்பினேன்.

அக்கா எழும்பினாள். அதே பாண், அதே லொக்கர். அவள் தமிழில் சொல்ல, நான் ஒரு சொல் விடாமல் ஜப்பானிய மொழியில் சொன்னேன். என் சொந்த அம்மாவின் சாவை அவளுடைய அம்மாவின் சாவாக என் வாயாலேயே சொன்னேன். அந்தப் பெண்மணி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்போது இரவில் எங்கே படுத்தாய்?" என்று கேட்டார். அவ்வளவுதான் கேட்டார்.

நான் அக்காவின் பக்கம் திரும்பினேன். "அந்த முஸ்லிம் உம்மாக்குப் பிறகு என்ன நடந்தது எண்டு கேக்கிறாங்க."

நான் அவளுக்குச் சொல்லாமல் விட்டது அது ஒன்றுதான். அவளுக்குத் தெரியாது. ஆனால் சாட்சி என்றால் கடைசியில் ஒரு அறுவடை வேண்டும் என்று அவளுக்கு நன்றாகத் தெரியும். சேலைத் தலைப்பை இழுத்துச் சரிசெய்தாள். பிறகு முகம் பிரகாசமாகச் சொன்னாள். "அந்த உம்மாவும் கர்த்தரை ஏற்றுக்கொண்டா. ஞானஸ்நானம் எடுத்து இப்ப நம்மட சபையிலதான் இருக்கிறா."

போதகர் ஐயாவின் கதிரை பின்னால் சரிந்து விழுந்தது. "முஸ்லிம் பொம்பிளைக்கு ஞானஸ்நானமா? எந்தச் சபையில? ஆர் குடுத்த? இது வெளிய போனா நாளைக்கு நாம இந்த ஊருல இருக்கேலுமா?"

அக்கா விழுந்த கதிரையை நிமிர்த்தக் குனிந்தாள். அப்போது போதகர் ஐயாவின் மனைவி, எங்கள் போதகரம்மா, என்னைப் பார்த்தா. ஒவ்வொரு நோன்புக்கும் சாய்ந்தமருதிலிருந்து எனக்கு ஒரு வாளி கஞ்சி வரும். ஆர் அனுப்புவது என்று ஒருமுறை அவ தனியாகக் கேட்டதற்கு, அம்மாவோடு ஆஸ்பத்திரியில் கிடந்த உம்மா என்று சொல்லியிருந்தேன்.

"மனே, அந்தக் கஞ்சி அனுப்புற உம்மாவா?"

"ஓம் அம்மா. அவதான். இண்டைக்கும் அஞ்சு நேரமும் தொழுறா."

பிறகு விருந்தாளிகளின் பக்கம் திரும்பி ஜப்பானிய மொழியில் சொன்னேன்: "பாண் எடுத்த பிள்ளை நான். செத்தது என் அம்மா. இவள் கள்ளி." யார்டு மொழியில் மரியாதைச் சொற்கள் இல்லை. நல்லதாகப் போயிற்று.

அடுத்த நாள் அக்காவின் அப்பா ஓட்டோவில் வந்து அவளைக் கூட்டிக்கொண்டு போனார். மனிதர் தலை நிமிரவில்லை. எனக்கு இரக்கம் வந்ததா? இல்லை. படலையில் நின்று, ஓட்டோ பெரிய தெருவுக்குத் திரும்பும்வரை பார்த்தேன். மதியம் இரண்டு கோப்பை சோறு சாப்பிட்டேன். உம்மாவைப் பற்றிய அந்தக் கேள்வி நானாகவே கேட்டது என்று இதை எழுதும்வரை ஒருவருக்கும் தெரியாது.

என்னைத்தான் தெரிவு செய்தார்கள். பயணத்துக்கு முந்தின ஞாயிறு அதே பெரிய கோயிலில் வழியனுப்பும் ஆராதனை. அக்கா ஏன் போனாள் என்று போதகர் ஐயா வெளியே மூச்சு விட்டிருக்கவில்லை. ஊரில் பிரச்சினை வரும் என்ற பயம். நான் மைக்கைப் பிடித்தேன். இத்தனை வருடமாக நெஞ்சுக்குள் வைத்திருந்ததை முதல் தடவையாகச் சபைக்கு முன்னால், என்னுடையதாகச் சொன்னேன். "எனக்கு ஒன்பது வயது. அம்மா ஆஸ்பத்திரியில..."

ஒருவரும் அழவில்லை. ஆளையாள் பார்த்தார்கள். மூன்றாம் வாங்கில் இருந்த ஒரு அம்மா பக்கத்தில் இருந்தவளிடம் சொன்னது மைக் வரை கேட்டது.

"இது அந்தக் கல்லாத்துப் பிள்ளைட கதையெல்லோ? இவ களவெடுத்துச் சொல்றாகா. அந்தப் பிள்ளை இதவிட வடிவாச் சொன்னது."