லேபிளுக்கு வைத்த பொட்டு

போன வாரம் ஆயுத பூஜை. மில்லில் மெஷின், தராசு, வாளி எல்லாவற்றுக்கும் சந்தனம், குங்குமம் வைத்தோம். துணி வெளுக்கிற ஷெட்டில் எனக்கு வேலை. அங்கே இரண்டு பெரிய பீங்கான் ஜாடிகள். அவற்றை மட்டும் விடலாமா? நானே பொட்டு வைத்தேன். தாராளமாக.

வைத்தது லேபிளின் மேல்.

ஒன்றில் தண்ணீர் கலந்த திராவகம். மற்றதில் காஸ்டிக் சோடாக் கரைசல் - நாங்கள் காரம் என்போம். பார்த்தால் இரண்டும் தண்ணீர்தான். லேபிள் இங்கிலீஷ். எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாது. ஆனால் திராவக லேபிளில் முதல் எழுத்து பாம்பு மாதிரி வளைந்திருக்கும். காரத்தில் பிறை மாதிரி. பாம்பு, பிறை... இத்தனை வருஷம் எங்கள் படிப்பு அவ்வளவுதான்.

மறுநாள் காலை ஈரத்துணியால் சந்தனத்தைத் துடைத்தேன். மசியும் சேர்ந்து வந்தது. பாம்பும் போயிற்று, பிறையும் போயிற்று. பூஜைக்கு இடம் கழுவும்போது ஜாடிகளை வேறு மாற்றி வைத்திருந்தோம்.

மேஸ்திரியிடம் சொன்னேன். அவர் கலங்கவில்லை.

"இதுக்கென்னுங்க ரோசனை? நாக்குல ஒரு சொட்டு வெச்சாத் தெரிஞ்சுபோகுது. புளிச்சாத் திராவகம்."

"புளிக்கலீனா?" என்றேன்.

அதை நாக்கு மிஞ்சினால் தொட்டவன் சொல்லலாம்.

யார் நாக்கு? மேஸ்திரி சுற்றிலும் பார்த்தார். என்னுடையது போனால் ஷெட்டில் ஒருவருக்கும் தெரியாது. நான் பேசுவது அவ்வளவுதான். அவர் கூப்பிட்டது கருப்பண்ணனை. ஒரு சங்கு ஊதினதிலிருந்து அடுத்த சங்கு வரை பேசுகிற ஆள்.

"ஏப்பா கருப்பண்ணா, ஒரு சொட்டுத்தான். வா."

"வாரனுங்க." வந்தே விட்டான். எங்கள் பக்கம் மேஸ்திரியிடம் முடியாது என்று சொல்கிற வழக்கம் இல்லை. மரியாதை. "எரியுமுங்களா?"

"எரிஞ்சா மத்தியானம் மோர் குடிச்சுக்க."

ஒரு குச்சியை ஜாடியில் விட்டு எடுத்தான். வாயைத் திறந்தான். பொட்டு வைத்தவன் நான். திறந்த வாய் அவனுடையது. கையைப் பிடித்துவிட்டேன்.

சாயம் போடுகிற காதர் பாய் அப்போதுதான் உள்ளே வந்தார். குச்சியைப் பார்த்தார். வாயைப் பார்த்தார்.

"ஏனுங்க மேஸ்திரி, இவனூட்டுக்காரம்மா சொல்லி அனுப்புனாங்களா, ஊமையாக்கிப்போடச் சொல்லி?"

பூஜைத் தட்டில் மஞ்சள்தூள் மிச்சமிருந்தது. பாய் அதைக் குழைத்து ஒரு வெள்ளைத் துணியில் தடவினார். அவன் கையிலிருந்த குச்சியை வாங்கித் துணியில் தொட்டார். மஞ்சள் மஞ்சளாகவே இருந்தது. அடுத்த ஜாடிக்கு வேறு குச்சி. தொட்ட இடம் சிவந்தது - ஆலாத்தித் தண்ணீர் மாதிரி.

"செவந்தது காரமுங்க. மஞ்சள்ல சுண்ணாம்பு போட்டாச் செவக்கும்னு உங்கூட்டுப் பொம்பளைங்களுக்குத் தெரியுமுங்களே."

தெரியும். மாப்பிள்ளை வாசலுக்கு வந்தால் அதைத்தான் கரைத்துச் சுற்றுகிறோம். ஜாடிக்கு முன்னால் நினைப்பு வரவில்லை.

கருப்பண்ணன் அன்று முழுக்க இதையே பேசினான். ஒருவரும் நிறுத்தச் சொல்லவில்லை.

சங்கதி மானேஜருக்குப் போயிற்று. புது லேபிள் வந்தது. அச்சடித்தது, கெட்டிக் காகிதம். இரண்டிலும் ஒரே சொல். பாம்பும் இல்லை, பிறையும் இல்லை. என்ன எழுதியிருக்கிறது என்று குமாஸ்தாவைக் கேட்டேன். ஆபத்து என்று அர்த்தமாம். எதில் எந்த ஆபத்து என்று போடவில்லை.

மாட்டுக்கொம்புக்கு அடிக்கிற பெயிண்ட் வீட்டில் இருந்தது. கொண்டுபோய்க் காரத்து ஜாடிக்குச் சிவப்புப் பட்டை, திராவகத்துக்கு மஞ்சள் பட்டை அடித்தேன். இனி துடைத்தாலும் போகாது.

ஜாடிகள் இப்போது கோயில் சுவர் மாதிரி இருக்கின்றன. மேஸ்திரி காலையில் வந்ததும் அவற்றைப் பார்த்துக் கும்பிடுகிறார். கும்பிட்டுவிட்டுப் போகட்டும்.

தள்ளி நின்றுதானே கும்பிடுகிறார்.