சவரிமுத்து அண்ணை வாசித்த முத்திரைகள்

செவ்வாய்க்கிழமை காலை டெலிபோனை எடுத்தவள் என் பேத்தி. பிரெஞ்சில் சொன்னதைக் கேட்டாள், முகம் மாறிவிட்டது. "அப்பம்மா, உங்களோடை வேலை செய்த சவரிமுத்துத் தாத்தா ஆஸ்பத்திரியிலை செத்துப்போனாராம்." பத்து வயதில் அந்தப் பாஷையைத் தண்ணீர்போலப் பேசுவாள் என் பேத்தி. அன்றைக்கு மட்டும் அது அவளுக்கு விளங்காமல் இருந்திருக்கலாம் என்று பட்டது.

அண்ணையை மன்னார் ரயில் நிலையத்தில் சாமான் பதிந்தவராக அஞ்சலிக்கு வந்திருக்கும் உங்களில் சிலருக்குத் தெரியும். எனக்கு அவர் இங்கே, இந்தப் புவாண்ட்-கிளேர் ஊரில், பழைய யுத்தச் சாமான் விற்கும் களஞ்சியத்தில் எதிர் மேசைக்காரர். ஜெர்மன் இராணுவத்தின் தோல் பைகளும் வார்களும் அங்கே வரும். நான் துடைத்துக் கொடுப்பேன். அவர் பூதக்கண்ணாடி வைத்து, தோலில் அடித்த முத்திரையைப் பார்த்து, எந்தப் பிரிவின் சாமான் என்று துண்டில் எழுதுவார். ஜெர்மன் ஒரு சொல் தெரியாது. முதலாளி கொடுத்த பட்டியலை மனப்பாடம் செய்திருந்தார்.

ஒருநாள் பழஞ்சாமான் சேர்க்கும் ஒருவர், ஒரு பையைப் பேர்போன சண்டைப் பிரிவின் பை என்று எழுதித் தரச்சொல்லி நின்றார். முத்திரையோ முன்னணிக்குக் குண்டு ஏற்றிப்போகும் வண்டிப் பிரிவினுடையது. அண்ணை எழுதவில்லை. "சண்டை பிடிச்சவனை எல்லாரும் தேடுவினம், தங்கச்சி. குண்டு காவினவனை ஆர் தேடுறது?"

"நீங்கள் ஒரு பொய் எழுதினால் செத்தவன் எழும்பி வந்து கேக்கப்போறானோ?" என்றேன்.

"அவன் வரமாட்டான். அதாலைதான் எழுதேலாது."

சில வார்களில் இரண்டு முத்திரை இருக்கும். பழையதன்மேல் ஒரு கோடு. சாமான் இன்னொரு பிரிவுக்குக் கைமாறிவிட்டது என்று அர்த்தம். ஐந்தாம் வகுப்போடு நின்ற நானும் அதைக் கண்டுபிடிப்பேன்.

போன மாரியில் திருகோணமலையிலிருந்து வந்த ஒருவர் என் மகனின் பெல்ட்டைக் கொண்டுவந்து தந்தார். ஊரில் நின்ற அவனை இராணுவம் பிடித்துப்போய் அப்போது ஒன்றரை வருடம். ரோட்டோரம் எரிந்து கிடந்த சில உடல்களுக்குப் பக்கத்தில் எடுத்ததாம். உட்பக்கம், காய்ச்சிய ஆணியால் அவன் சுட்ட பெயரெழுத்து. மருமகள் தாலியைக் கழற்றப் போனாள். கையைப் பிடித்து நிறுத்திவிட்டு, பெல்ட்டோடு அண்ணையிடம் போனேன்.

வெகுநேரம் பார்த்தார். "எழுத்து தம்பியின்ரைதான். ஆனால் இஞ்சை பார், பேந்து, வாங்கினாப் பிறகு குத்தின ஓட்டை மூண்டு. நல்லா மெலிஞ்ச ஆள் கட்டியிருக்கிறான்."

"அப்ப வேறை ஆள்! கைமாறியிருக்கு. என்ரை பிள்ளை உயிரோடை இருக்கிறான், என்ன அண்ணை?"

"இல்லாட்டி, அவனே அவ்வளவு மெலிஞ்சிருக்கலாம்."

"ஒரு சொல்லுச் சொல்லுங்கோ. பொய்யெண்டாலும் பரவாயில்லை."

"தெரியாது, தங்கச்சி. தெரியாததைச் சொல்லி உன்னை அழப்பண்ணவும் மாட்டன், சிரிக்கப்பண்ணவும் மாட்டன்."

"நீங்கள் மனுசனில்லை, கல்லு" என்று ஏசிவிட்டு வந்தேன். பிறகு ஐந்து மாதம், எதிரெதிரே இருந்தும் நான் முகம் கொடுக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்று தெரிந்தும் போகவில்லை. இதை மறைத்து அவரைப் புகழ எனக்கு மனம் வரவில்லை.

மகன்ரை காரியத்தைச் செய்து முடியுங்கோ என்கிறார்கள் சொந்தக்காரர். முடித்தால் வாய்விட்டு ஒருதரம் அழலாம். அதற்கும் வழியில்லாமல் இருக்கிறேன். அண்ணை எனக்கு வைத்துவிட்டுப் போனது ஒரே சொல். அதை ஒருவரும் என்னிடமிருந்து பறிக்க விடமாட்டேன்.

நேற்றுப் பள்ளிக்கூடப் படிவத்தில் தகப்பன் பெயரை எழுதிய பேத்தி, பக்கத்துக் கட்டத்தில் பேனையை நிறுத்தினாள்.

"அப்பா இருக்கிறாரோ, இல்லையோ எண்டு கேட்டிருக்கு, அப்பம்மா. என்ன எழுதுறது?"

"தெரியாது எண்டு எழுது, பிள்ளை."