லீட்ஸிலிருந்து வந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை

ஆவுடையப்பன் அண்ணாச்சி இறந்துவிட்டார்.

நேற்று மதியம் அவர் மகள் மீனா வாட்ஸ்அப்பில் எழுதியிருந்தாள். "அங்கிள், அப்பா தூக்கத்திலேயே போயிட்டார்." எண்பத்து நான்கு வயது... இருந்தாலும் ஒரு மணி நேரம் எனக்கு எதுவும் ஓடவில்லை.

மொன்ட்ரியாலில் என்னைத் தம்பி என்று கூப்பிட்ட முதல் மனிதர். எழுபதுகளின் தொடக்கம், நோத்ர-டாம்-த-கிரேஸ் பகுதியில் ஒரு அபார்ட்மென்ட்டை நானும் அவரும் பகிர்ந்துகொண்டோம். இருவரும் இன்ஜினியர்கள், வேறு வேறு கம்பெனி. அவர் பாளையங்கோட்டை, நான் திருச்சி.

அவர் மனைவி கோமதி அண்ணி அப்போது இங்கிலாந்தில், லீட்ஸ் நகரத்தில் நர்ஸ். இவரும் அங்கே நாலு வருஷம் இருந்தவர்தான். ஆறு மாதத்தில் உன்னையும் அழைத்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு கனடாவுக்கு முன்னால் வந்திருந்தார்.

மூன்றாவது மாதமே வேலை போய்விட்டது. கம்பெனிக்கு ஒரு பெரிய கான்ட்ராக்ட் கைநழுவியது. கடைசியாகச் சேர்ந்தவர்களை முதலில் அனுப்பினார்கள்.

அதை அவர் அண்ணிக்கு எழுதவில்லை.

கடிதம் மட்டும் வாராவாரம் போனது. சாயங்காலம் நான் வந்ததும் இன்றைக்கு உன் ஆபீஸில் என்ன விசேஷம் என்று கேட்பார். மறுநாள் அது அவருடைய ஆபீஸாகக் கடிதத்தில் ஏறிவிடும். என் மேனேஜரின் கோபம், டைப்பிஸ்ட்டின் கல்யாணம், லிஃப்ட்டில் மாட்டிக்கொண்ட டிராஃப்ட்ஸ்மேன்... எல்லாம் லீட்ஸ் போய்ச் சேர்ந்தது.

எனக்கு அது தப்பாகவே தெரியவில்லை. அடுத்த வேலை கிடைத்ததும் சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். காலையில் என்னோடு டை கட்டிக்கொண்டு பஸ் ஏறுவார். போன இடத்திலெல்லாம் பிரெஞ்சு தெரியுமா என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார்கள்.

இலையெல்லாம் உதிர்ந்து முடிந்த ஒரு சனிக்கிழமை, பார்சல் வந்தது. ஏழு கேசட். கூட ஒரு துண்டுச் சீட்டு. ஒரு முழு ஞாயிற்றுக்கிழமை அனுப்பியிருக்கிறேன், வரிசையாகக் கேளுங்கள் என்று அண்ணி எழுதியிருந்தார்.

லீட்ஸ் வீட்டில் ஞாயிறு முழுக்க பிரிட்டிஷ் ரேடியோ ஓடிக்கொண்டே இருக்குமாம். இங்கே வந்தபின் அண்ணாச்சி அதற்கு ஏங்கிப் போயிருந்தார். அதனால் அண்ணி ஒரு ஞாயிறு லீவு போட்டு, ரேடியோ பக்கத்தில் ரெக்கார்டரை வைத்துக் காலையிலிருந்து பதிவு செய்திருந்தார்.

கேசட் பிளேயர் என்னுடையது. அதனால் நானும் உட்கார்ந்தேன்...

சர்ச் மணியோடு தொடங்கியது. பிரசங்கம், செய்தி, நேயர் விருப்பப் பாடல்கள். அப்புறம் ஒரு காமெடி நிகழ்ச்சி. ஜோக் எதுவும் எனக்குப் புரியவில்லை. அண்ணாச்சி கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். இரண்டு மாதத்தில் அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன். பின்னால் அண்ணி பாத்திரம் தேய்க்கும் சத்தம்கூடப் பதிவாகியிருந்தது.

நாலாவது கேசட்டில் தோட்டக்கலை. என் ரோஜா இலையில் கரும்புள்ளி விழுகிறது, என்ன செய்வது என்று ஒரு பெண் கேட்கிறாள். நிபுணர் பதில் சொல்ல ஆரம்பிக்கிறார்... சட்டென்று ரேடியோவின் சத்தம் குறைந்தது.

அண்ணியின் குரல்.

"என்னங்க... உங்க பிறந்தநாளுக்கு ஆபீஸுக்கு போன் பண்ணேன். நீங்க அங்க இல்லன்னு சொன்னாங்க. ரெண்டு மாசம் ஆச்சாமே."

நிபுணர் தூரத்தில் மருந்து தெளிப்பதைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார்.

"வேலை போனா போகட்டும். எங்கிட்ட சொல்லாம தனியா சுமந்துக்கிட்டு இருக்கீங்களே, அதத்தான் தாங்க முடியல. கனடா பேப்பர் வந்துட்டு. இங்க வேலைய விடுறதுக்கு நோட்டீஸ் குடுத்துட்டேன். நான் வாரேன்."

ரேடியோ மறுபடி சத்தமானது.

அண்ணாச்சி நிறுத்தவில்லை. தோட்டக்கலை முடிந்து, நாடகம் முடிந்து, கப்பல்களுக்கான வானிலை அறிக்கை வரை... மிச்ச நாள் முழுவதையும் முகத்தைக் கையில் புதைத்தபடியே கேட்டார். நான் போட்டு வைத்த டீ ஆறிப்போனது.

பிறகு முகம் கழுவிவிட்டுக் கடிதம் எழுத உட்கார்ந்தார். அன்று என் ஆபீஸைப் பற்றி எதுவும் கேட்கவில்லை.

டிசம்பரில் அண்ணி வந்து இறங்கினார். அப்போதும் அண்ணாச்சிக்கு வேலை இல்லை. ஏர்போர்ட்டில் என்னை அறிமுகப்படுத்தினார். அண்ணி என்னைப் பார்த்து, "லிஃப்ட்ல மாட்டிக்கிட்டது உங்க ஆபீஸ்காரர்தானே?" என்றார்.

எனக்கு எங்கே பார்ப்பதென்று தெரியவில்லை. அண்ணிதான் முதலில் சிரித்தார்.

இருவரும் ஒரே பிரெஞ்சு வகுப்பில் சேர்ந்தார்கள். அண்ணி ஒரு முதியோர் இல்லத்தில் உதவியாளராகச் சேர்ந்து, பரீட்சை எழுதி மறுபடி நர்ஸ் ஆனார். அண்ணாச்சிக்கு அடுத்த வசந்தத்தில் வேலை கிடைத்தது. முப்பது வருஷம் அங்கேயே இருந்து ரிட்டயர் ஆனார்.

இன்னொன்றும் எழுத வேண்டும்.

அந்தப் பத்தாண்டின் கடைசியில் என் கம்பெனி மொன்ட்ரியால் ஆபீஸை மூடியது. எனக்குக் கல்யாணமாகி ஒரு வருஷம்கூட ஆகவில்லை. வாசுகியிடம் சொல்ல வாய் வரவில்லை. வழக்கம் போல டை கட்டிக்கொண்டு வெளியே போய்வந்தேன்... நாலு நாள்.

ஐந்தாம் நாள் காலை பதினோரு மணிக்கு மெட்ரோ ஸ்டேஷன் பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். அண்ணாச்சி வேலை விஷயமாக அந்த வழியாக வந்தார். என் டையைப் பார்த்தார், கடிகாரத்தைப் பார்த்தார்.

"தம்பி, வீட்ல சொல்லிட்டியா?"

இல்லை என்று தலையாட்டினேன்.

"எந்திரி. நானும் கூட வாரேன்."

எங்கள் வீட்டு சோபாவில் வந்து உட்கார்ந்துகொண்டார். நானே சொல்லும் வரை, வாசுகி அழுது முடிக்கும் வரை இருந்தார். பிறகு அவள் போட்ட சாப்பாட்டைச் சாப்பிட்டுவிட்டு ஆபீஸுக்குத் திரும்பிப் போனார்.

கோமதி அண்ணி போய் ஆறு வருஷம் ஆகிறது. இப்போது இவரும்...

வியாழக்கிழமை காலை இறுதிச் சடங்கு என்று மீனா சொன்னாள். நானும் வாசுகியும் புதன்கிழமை டொரண்டோவிலிருந்து மொன்ட்ரியாலுக்கு ரயிலில் கிளம்புகிறோம்.

வந்துவிடுகிறோம், அண்ணாச்சி.